பத்து டொலர் ஆசனம்

மன்செஸ்டர் நகரத்துக் கடையொன்றிலே வேலைபார்க்கும் சிப்பந்தி ஒருவர், வெள்ளிக்கிழமை மாலை கடைக்கதவைச் சாத்தியதும், தோளில் ஒரு சிறு பையை மாட்டிக்கொண்டு விமான நிலையம் செல்கின்றார். அன்றிரவு போலந்து நாட்டின் பழைய தலைநகராகிய கிராக்கோவில் உறங்குகின்றார். சனியும் ஞாயிறும் அங்குள்ள கோட்டையையும் தேவாலயங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலை மீண்டும் தமது கடையில் நிற்கின்றார். இதற்காக அவர் கொடுத்த விமானக் கட்டணம், சில வேளைகளில், விமான நிலையத்துக்குச் செல்லும் வாடகைக் காரின் செலவிலும் குறைவாயிருப்பதுண்டு. ஐரோப்பாவில் இஃது இன்று அதிசயமன்று. அவருடைய பாட்டனார் காலத்திலோ, ஆகாய விமானத்தில் ஏறுவது பிரபுக்களுக்கும் பெருவணிகர்க்கும் மந்திரிமார்க்கும் உரிய காரியமாயிருந்தது.

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது என்று வினவினால், இயந்திரங்கள் வளர்ந்தன, விமானங்கள் பெருத்தன, ஆகவே கட்டணம் குறைந்தது என்று பலரும் விடை கூறுவர். அது பிழையான விடையன்று. ஆயினும் பாதி விடையே. விமானங்கள் மலிவாகப் பறக்கக்கூடிய காலம் வந்த பின்னரும், அவை மலிவாகப் பறக்க நெடுநாள் அனுமதிக்கப்படவில்லை. தடையாய் நின்றது காற்றுமன்று, இயந்திரமுமன்று. கடதாசியில் எழுதப்பட்ட உடன்படிக்கைகளே.

இரண்டாம் உலக மகாயுத்தம் முடியுமுன்னரே, 1944 ஆம் ஆண்டிலே, சிக்காகோ நகரில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடினர். ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்நாட்டுக்கே உரியது என்னும் கொள்கை அங்கு உறுதிப்படுத்தப்பட்டது. ஆகவே, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எந்தக் கம்பெனி பறக்கலாம், வாரத்தில் எத்தனை முறை பறக்கலாம் என்பனவெல்லாம் அரசாங்கங்கள் தம்முள் பேசித் தீர்க்கும் விஷயங்களாயின. அடுத்த ஆண்டு ஹவானா நகரில் விமானக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு சர்வதேசச் சங்கத்தை அமைத்துக்கொண்டன. கட்டணம் எவ்வளவு என்பதை அச்சங்கத்தின் மாநாடுகள் தீர்மானித்தன. அரசாங்கங்கள் அதற்குச் சம்மதம் அளித்தன. பெரும்பாலான அரசாங்கங்கள் தாமே விமானக் கம்பெனிகளின் சொந்தக்காரராகவும் இருந்தன என்பதை நினைவிற் கொண்டால், அச்சம்மதம் எவ்வளவு எளிதிற் கிடைத்திருக்கும் என்பது விளங்கும்.

விலையிலே போட்டியிட இடமில்லாதபோது, போட்டி சாப்பாட்டுத் தட்டிலே புகுந்தது. 1958 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களில் ஒரு மலிவான வகுப்பு தொடங்கியது. அவ்வகுப்பில் ஏறுவோர்க்குச் சான்ட்விச் மாத்திரமே கொடுக்கலாம் என்பது விதி. ஸ்கந்தினேவிய நாட்டுக் கம்பெனி என்ன செய்தது? ஒரு துண்டுப் பாணின் மேலே இறைச்சியும் மீனும் காய்கறியுமாக அடுக்கி, அதனையும் சான்ட்விச் என்றே பெயரிட்டுப் பரிமாறியது. அமெரிக்கக் கம்பெனிகள் வெகுண்டெழுந்து முறையிட்டன. சான்ட்விச் என்பது குளிர்ந்ததாய், எளியதாய், பெரும்பகுதி பாணாய் இருத்தல் வேண்டும் எனக் கற்றறிந்த பெரியோர் கூடியிருந்து இலக்கணம் வகுத்தனர். குற்றவாளிக் கம்பெனிக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. தொல்காப்பியர்க்குக்கூட இத்தகைய நூற்பா எழுதும் தேவை நேர்ந்ததில்லை.

இந்தச் சுவரிலே முதல் துவாரத்தை இட்டவர்களுள் ஒருவர் விளாடிமிர் ரெயிற்ஸ் என்னும் இளைஞர். மொஸ்கோவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவர். ரொய்ட்டர் செய்தி ஸ்தாபனத்தில் வேலைபார்த்தவர். 1949 இல் அவர் விடுமுறையைக் கழிக்கக் கொர்சிக்கா தீவுக்குச் சென்றார். கடலும் வெயிலும் அவரைக் கவர்ந்தன. தம் பாட்டியார் விட்டுச்சென்ற 3,000 பவுணை முதலாக வைத்து, முழு விமானத்தையும் வாடகைக்கு அமர்த்தி, ஆசனங்களைத் தனித்தனியே விற்று, அங்கே கூடாரங்களில் ஆட்களைத் தங்கவைக்கலாம் என்று கணக்கிட்டார். விமானப் பிரயாணம், கூடாரம், சாப்பாடு யாவும் உட்பட இரண்டு வாரத்துக்கு 32 பவுண் 10 சிலிங். அக்காலத்திலே அரசாங்க விமானத்தில் அண்மையிலுள்ள நீஸ் நகருக்குப் போய்வரும் கட்டணம் மட்டுமே ஏறக்குறைய 70 பவுண். பிரித்தானியாவில் இறைச்சிப் பங்கீடு 1954 வரை நீடித்தது என்பதையும் கருதவேண்டும். நாள்தோறும் இருவேளை இறைச்சி உண்டு என்பதே அவரது விளம்பரத்தின் தலையாய கவர்ச்சியாயிற்று.

அனுமதி கேட்டு அவர் அமைச்சின் படிகளிற் பல மாதம் ஏறி இறங்கினார். முடிவிற் கிடைத்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: மாணவரையும் ஆசிரியரையும் தவிர வேறெவரையும் ஏற்றலாகாது. 1950 மே மாதத்தில் கட்விக் விமான நிலையத்திலிருந்து டகோட்டா விமானம் ஒன்று அவ்வாறே புறப்பட்டது. அது சென்றிறங்கிய கொர்சிக்கத் துறைமுகத்தின் பெயர் கல்வி. தமிழில் அப்பெயரை வேறு எவ்வாறும் எழுத இயலாது. ஆசிரியரும் மாணவரும் மாத்திரமே கல்விக்குச் செல்லலாம் என்று ஓர் அரசாங்கம் ஆணையிட்டதாகப் படிக்கும் தமிழர் சற்றுப் புன்னகைத்தால் குற்றமில்லை.

வாடகை விமானங்கள் இவ்வாறு பெருகின. தெற்கே ஸ்பானியக் கடற்கரைக்கு வட ஐரோப்பியத் தொழிலாளர் இலட்சக்கணக்கிற் செல்லலாயினர். ஆனால் அத்திலாந்திக்கின் மேலே சட்டம் கடுமையாகவே இருந்தது. மலிவான வாடகை விமானத்தில் ஏறவேண்டுமாயின், ஒருவர் பிரயாணத்துக்காக அல்லாமல் வேறொரு நோக்கத்துக்காக அமைந்த சங்கத்தில் ஆறு மாதமாவது உறுப்பினராய் இருந்திருத்தல் வேண்டும். விளைவு யாது? பூச்செடி வளர்ப்போர் சங்கம், இடக்கைப் பழக்கமுடையோர் சங்கம் என்றிவ்வாறு காளான்போற் சங்கங்கள் முளைத்தன. பெயர்ப் பட்டியல்களில் பழைய தேதிகள் எழுதப்பட்டன. அதிகாரிகள் விமான நிலையத்தில் நின்று, வயோதிபரையும் தாய்மாரையும் கூடக் குறுக்குவிசாரணை செய்தனர். விடை பிசகியோர் இறக்கிவிடப்பட்டனர். மகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் ஒரு மூதாட்டியைப் பொய்யுரைக்க வைக்கும் சட்டம் எவ்வகைச் சட்டம் என்று எவரும் கேட்டிருப்பர்.

அக்கேள்வியைக் கேட்டு, வழியும் தேடியவர் பிரெடி லேக்கர். கன்ரபரி நகரிற் பிறந்த எளிய குடும்பத்து மகன். 1948-49 இல் முற்றுகையிடப்பட்ட பேர்லின் நகருக்கு ஆகாய மார்க்கமாகப் பொருள் அனுப்பியபோது, பழைய யுத்த விமானங்களை ஓட்டிப் பணம் தேடியவர். 1971 இல் அவர் ஒரு விண்ணப்பம் செய்தார். சங்கமும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். புகையிரதத்துக்குச் சீட்டு வாங்குவதுபோலப் புறப்படும் நாளன்று வரிசையில் நின்று சீட்டு வாங்கி நியூயோர்க் போகலாம். சாப்பாடு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கலாம். 'ஸ்கைட்ரெயின்', அதாவது ஆகாயப் புகையிரதம், என்று அதற்குப் பெயரிட்டார். அனுமதி கிடைத்தது, பின் ஆட்சி மாறியதும் மறுக்கப்பட்டது. லேக்கர் நீதிமன்றம் சென்றார். 1976 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைச்சரின் செய்கை அதிகாரத்துக்கு மேற்பட்டது எனத் தீர்ப்பளித்தது. 1977 செப்டெம்பர் 26 ஆந் திகதி முதலாவது ஸ்கைட்ரெயின் புறப்பட்டது. ஒருவழிக் கட்டணம் 59 பவுண். அடுத்த ஆண்டு கோடையில், சீட்டுக்காகக் காத்திருந்தோர் லண்டன் விக்டோரியா நிலையத்தருகே நடைபாதையிற் படுத்துறங்கினர். அதே ஆண்டில் அவர் 'சேர்' பட்டமும் பெற்றார்.

நான்கு ஆண்டுகளே அக்காட்சி நீடித்தது. 1979 இல் சிக்காகோவில் நிகழ்ந்த கோர விபத்தின் பின் அவர் ஓட்டிய வகை விமானங்கள் சில வாரம் தரையில் நிறுத்தப்பட்டன. டொலரிற் கடன் வாங்கி விமானங்கள் வாங்கியிருந்தார். பவுணின் மதிப்பு வீழ்ந்தது. பெருங் கம்பெனிகளோ தம் கட்டணத்தை அவர் கட்டணத்தளவுக்கு இறக்கின. 1982 பெப்ரவரி 5 ஆந் திகதி கம்பெனி முறிந்தது. ஏறக்குறைய 6,000 பிரயாணிகள் கடலின் இருபுறமும் தவித்தனர். பொதுசனங்கள் தாமாகவே பணம் அனுப்பி அவரைக் காப்பாற்ற முயன்றனர் என்பது வியாபார சரித்திரத்தில் அரிதான செய்தி. பெருங் கம்பெனிகள் சதிசெய்து தம்மை வீழ்த்தின என்று தொடுக்கப்பட்ட வழக்கு 1985 இல் சமாதானமாய் முடிந்தது. லேக்கருக்கு 80 இலட்சம் டொலர் கிடைத்தது. மலிவுக் கட்டணம் மாத்திரம் அவருடன் போய்விட்டதாகவே அன்று தோன்றியது.

ஆனால், லேக்கர் லண்டனில் விண்ணப்பம் எழுதிய அதே 1971 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் வேறொரு கதை ஆரவாரமின்றித் தொடங்கியிருந்தது. அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் சபையொன்று மாநிலங்களுக்கிடையே பறக்கும் விமானங்களின் கட்டணத்தை விதித்துவந்தது. ஒரே மாநிலத்துக்குள் பறப்பவற்றின்மேல் அதற்கு அதிகாரமில்லை. டெக்சஸ் மாநிலமோ பல நாடுகளிலும் பெரிது. டலஸ், ஹூஸ்டன், சான் அன்ரோனியோ ஆகிய மூன்று நகரங்களையும் இணைக்கச் சவுத்வெஸ்ட் என்னும் கம்பெனி 1967 இல் அமைந்தது. பழைய கம்பெனிகள் தொடுத்த வழக்குகளினால் நான்காண்டு கழிந்த பின்னரே, 1971 ஜூன் 18 இல், அதன் முதல் விமானம் எழுந்தது.

கையிருப்போ மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை இரவு ஒரு விமானம் ஹூஸ்டனிலிருந்து டலசுக்குத் திரும்பவேண்டும். வார இறுதியிற் பழுதுபார்க்கும் வேலை அங்கேதான். எப்படியும் போகப்போகிற வெறும் விமானம். தலைவர் லமார் மியூஸ் அதன் ஆசனங்களை ஆளுக்குப் பத்து டொலருக்கு விற்கச் சொன்னார். வழக்கமான கட்டணம் அதனிலும் இருமடங்கு. பெரிய விளம்பரம் ஏதுமின்றியே சில வாரங்களில் அவ்விமானம் நிறைந்தது.

பத்து டொலரின் சூட்சுமம் இதுதான். பகலிற் பறப்பவர் வியாபாரி. அவருக்கு நேரம் பெரிது, பணம் அவர் கம்பெனியுடையது. வெள்ளி இரவிற் பறப்பவரோ தாயைப் பார்க்கவோ, நண்பருடன் பொழுதுபோக்கவோ செல்பவர். விலை கூடினால் வீட்டிலேயே இருந்துவிடுவார். இருவரும் ஒரே ஆசனத்தில் அமர்ந்தாலும் இருவேறு சந்தைகளைச் சேர்ந்தவர்கள். மாலைச் சந்தையில் மீன் விற்போர் இதனைப் புத்தகம் படியாமலே அறிவர். பொழுது சாயச் சாய விலை இறங்கும். மீனாவது விற்காவிடிற் கருவாடாகும். விமானம் புறப்பட்டபின் வெறுமையாய்ப் போன ஆசனம் எதற்கும் உதவாது. அடுத்த ஆண்டே அக்கம்பெனி, வேலைநாட் பகலுக்கு ஒரு கட்டணம், இரவுக்கும் வார இறுதிக்கும் அதிற் பாதி என வகுத்துவிட்டது. வார இறுதியை உலகிலே மலிவான பண்டமாக்கியது இக்கணக்கே.

1972 இல் பணமுடையால் நான்கு விமானங்களுள் ஒன்றை விற்க நேர்ந்தது. ஆயினும் நேர அட்டவணையை அவர்கள் குறைக்கவில்லை. மூன்று விமானங்களைக் கொண்டு நான்கின் வேலையைச் செய்ய ஒரே வழி, தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குவதே. இறங்குவோர் முன்னால் இறங்க, பணிப்பெண்கள் ஆசனங்களைத் துப்புரவாக்க, ஏறுவோர் இலக்கமிடாத ஆசனங்களில் கிடைத்த இடத்தில் அமர்ந்தனர். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை என்ற எளிய உண்மை, வறுமையின் நெருக்கடியிற் கண்டுபிடிக்கப்பட்டது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் அமெரிக்கா முழுவதுக்கும் கட்டணச் சுதந்திரம் அளித்தது. அதன்பின் தோன்றிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் கம்பெனி பெட்டிக்கு 3 டொலரும் கோப்பிக்கு 50 சதமும் அறவிட்டது. அதி வேகமாய் வளர்ந்து, அதி வேகமாய் இளைத்து, 1987 இல் மறைந்தது.

ஐரோப்பாவில் இதன் பொருளை முதலில் உணர்ந்தவர் அயர்லாந்து மக்கள். 1950 களில் மாத்திரம் நான்கு இலட்சம் பேருக்குமேல் வேலை தேடி அந்நாட்டை விட்டகன்றனர். பெரும்பாலோர் சென்றது இங்கிலாந்துக்கே. கட்டடம் கட்டுவோரும், ஆஸ்பத்திரித் தாதிமாரும், உணவுச்சாலைப் பெண்களுமாக லண்டனில் வாழ்ந்த அவர்கள் ஊருக்குப் போவதென்றால், புகையிரதம் ஏறி, வேல்ஸ் கரையிலுள்ள ஹோலிஹெட் துறைமுகத்தில் இரவுக் கப்பல் பிடித்து, அலையோடு அலைக்கழிந்து மறுநாட் காலை டப்ளின் சேர வேண்டும். வார இறுதி விடுமுறை அப்பயணத்திலேயே தீர்ந்துவிடும். விமானத்தில் ஒரு மணி நேரத்துப் பாதை. ஆனால் இரு நாட்டு அரசாங்கக் கம்பெனிகளும் விரும்பிய நாளிற் சென்றுவரக் கேட்டது 200 பவுணுக்கு மேல். நோயுற்ற தந்தையைக் காண்பதற்கும் திருமண வீட்டுக்கும் செல்வதா வேண்டாமா என்பதை அந்த 200 பவுணே தீர்மானித்தது.

1984 இல் அயர்லாந்து அரசாங்கம் பாராளுமன்றத்திற் கொண்டுவந்த மசோதா ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட கட்டணத்துக்குக் குறைவாகச் சீட்டு விற்போர்க்கு அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்க எண்ணியது! உறுப்பினர் பலர் எழுந்து எதிர்த்தனர். எண்ணியவாறு அம்மசோதா நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு ரயன்எயர் என்னும் கம்பெனி, பதினைந்து ஆசனமுள்ள ஒரு சிறு விமானத்துடன் வாட்டபோட் நகரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1986 இல் டப்ளினிலிருந்து, லண்டனுக்கு வடக்கேயுள்ள லூட்டன் நிலையத்துக்கு அது பறக்கத் தொடங்கியபோது, போய்வரும் கட்டணம் 100 பவுணுக்குட்பட்டதாயிற்று. சில ஆண்டுகள் நட்டமடைந்த பின், அதன் நிர்வாகியான மைக்கல் ஓலியரி டலஸ் சென்று சவுத்வெஸ்ட்டின் முறைகளைக் கற்று மீண்டார். ஒரே வகை விமானம், இருபத்தைந்து நிமிடத் தரிப்பு, இலவசமாய் எதுவுமில்லை.

ஐரோப்பிய நாடுகள் 1993 இலிருந்து தம் வானத்தைத் தமக்குள் திறந்துவிட்டன. 1997 ஏப்ரல் முதல், ஒரு நாட்டுக் கம்பெனி மற்றொரு நாட்டின் உள்ளேயும் பறக்கலாயிற்று. 1995 நவம்பரில் ஈஸிஜெட் கம்பெனி லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 29 பவுணுக்குப் பறந்தது. முகவர் எவருக்கும் தரகு கொடாமல், தன் தொலைபேசி இலக்கத்தை விமானத்தின் உடம்பிலேயே பெரிதாய் எழுதிவைத்தது. 2004 இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் இணைந்ததும், விஸ் எயர் முதலான கம்பெனிகள் போலந்து, ஹங்கேரி நாட்டுத் தொழிலாளரை மேற்கே ஏற்றிச் சென்றன. அதே விமானங்களில் மேற்கத்தியர் வார இறுதிக்குக் கிழக்கே சென்றனர்.

இனி, குறைந்த விலையின் மீதி எங்கே போயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். பிரயாணி கொடாததை வேறொருவர் கொடுக்கின்றார். பிராங்பேட் என்று பெயர்சூட்டி விற்கப்பட்ட நிலையங்களுள் ஒன்றாகிய ஹான், அந்நகரிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அமெரிக்க யுத்த விமானத்தளமாயிருந்து 1993 இற் கைவிடப்பட்ட அவ்விடத்துக்கு 1999 இல் மலிவு விமானங்கள் வந்தன. அரசாங்கப் பணமும் அதிற் கொட்டப்பட்டது. விமானங்கள் குறைந்தபின், 2021 அக்டோபரில் அந்நிலையம் வங்குரோத்தானது. விமானப் பணியாளரும் தம் பங்கைச் செலுத்தினர். ரயன்எயர் தொழிற்சங்கங்களை முதன்முதலாய் அங்கீகரிக்கச் சம்மதித்தது 2017 டிசம்பரிலேயே. கம்பெனி முறியும்போது செலவு பொதுசனங்களின் தலையில் விழுகிறது: 2017 அக்டோபரில் மொனார்க் முறிந்தபோது, ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் பேரைப் பிரித்தானிய அதிகாரிகள் வீடு சேர்க்க வேண்டியிருந்தது. சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரியில்லை. மோட்டார் வண்டிக்கு ஊற்றுபவர் வரி கொடுக்கின்றார். அப்புகையின் செலவோ எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

சென்றடையும் நகரத்தாரும் உளர். 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த நாட்களில், பெரும்பாலும் சனி ஞாயிறுகளில், பகலில் மாத்திரம் வந்துபோகும் விருந்தினரிடம் வெனிஸ் நகரம் 5 யூரோ அறவிடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் பார்சிலோனா மக்கள் தெருவோர உணவுச்சாலைகளில் இருந்த உல்லாசப் பிரயாணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் நீர் பாய்ச்சினர். வீட்டு வாடகை ஏறியதே அவர்களின் முறைப்பாடு. ஆயினும் அவர்களுள் எத்தனை பேர் தாமும் மலிவு விமானத்தில் ஏறி வேறொரு நகரத்து வாடகையை உயர்த்தச் சென்றிருப்பர் என்பது எண்ணத்தக்கது. மன்செஸ்டர் சிப்பந்தியைக் குறைசொல்வதும் எளிதன்று. பிரபுக்கள் தனித்துப் பறந்த காலத்தில் எந்த நகரமும் அவர்களை நீரால் நனைக்கவில்லை.

2022 ஆகஸ்டில் ஓலியரி, எரிபொருள் விலையேற்றத்தினால், பத்து யூரோக் கட்டணத்தைச் சில ஆண்டுகளுக்குக் காணமுடியாதெனக் கூறினார். பெட்டிகளை ஐம்பதாண்டுக்கு மேலாக இலவசமாய்ச் சுமந்து, அதனையே தன் பெருமையாய் விளம்பரஞ்செய்துவந்த சவுத்வெஸ்ட் கம்பெனியும் 2025 மே 28 முதல் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஒரு காலத்தில் ஹூஸ்டனிலிருந்து ஓர் ஆளைப் பத்து டொலருக்கு ஏற்றிச்சென்ற அக்கம்பெனி, பிரயாணி ஒப்படைக்கும் முதற் பெட்டிக்கு மாத்திரம் கேட்டது 35 டொலர்.